இடது பக்கக் காறையெலும்பு

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம் எங்கள் எக்ஸ்றே பிரிவுக்கு ஒரு புதிய மென்பொருள் வந்தது. ஒருவருடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் அது தானாகவே எடுத்து, அருகருகே வைத்து, எலும்பு எலும்பாக ஒப்பிடும். பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அதை எனக்குக் காட்டினாள்.

"இங்க பாருங்கோ அன்ரி. பெயர் மாறி வேற ஆளின்ர படம் வந்தாலும் இது பிடிச்சுப்போடும். சிவப்பா ஒரு கோடு வரும்."

"ஆள் மாறினதையுமோ?"

"ஓம். உங்கட காலத்தில இதையெல்லாம் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

கோப்பி ஆறும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்திலும் ஒருமுறை அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவள் நான். அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா சுண்ணாம்புக்கல் குழியில் கல் ஏற்றியவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். கொழும்பில் எக்ஸ்றே எடுக்கும் பயிற்சியை முடித்தபோது, உலகத்தில் இனி எவரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு எல்லோரையும் போல நானும் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். ஜெர்மன் பேசும் ஒரு நாட்டில், வின்டர்தூர் நகரத்துக்கு அருகில் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. சான்றிதழை நான்காக மடித்து, வேலை உடுப்பின் பைக்குள் வைத்துக்கொண்டுதான் துடைத்தேன்.

ஒரு நாள் எக்ஸ்றே பிரிவின் நடையைத் துடைத்துக்கொண்டு போகையில், ஒளிப்பெட்டியில் ஒரு நெஞ்சுப் படம் இடம் வலம் மாறித் தொங்குவதைக் கண்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அதைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். பின்னால் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரிவின் தலைமைப் பணியாளர், ஃப்ராவ் எக்லி. ஜெர்மனில் ஃப்ராவ் என்றால் அம்மணி. அடுத்த மாதம் என்னை இருட்டறைக்கும் காப்பகத்துக்கும் மாற்றினார்கள். படத்தாளைக் கழுவுவதும், உறையில் போடுவதும், தேடி எடுத்துக் கொடுப்பதும் வேலை. படம் எடுக்க விடவில்லை. இங்கே என் சான்றிதழ் செல்லாது.

ஃப்ராவ் எக்லி உயரமானவர், நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். வெள்ளைக் கோட்டின் பைக்குள் இடம், வலம் என்பதைக் குறிக்கும் ஈய எழுத்துகள் எப்போதும் கிடக்கும். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அவர் பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். படம் சரியில்லையென்றால் எடுத்தவரின் மேசையில் பேசாமல் வைத்துவிட்டுப் போவார்.

ஒரு படத்தை அவர் பார்க்கும் விதத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒளிப்பெட்டியில் மாட்டியதும் சுட்டுவிரலால் முதலில் பெயரைத் தொடுவார். பிறகு பிறந்த தேதி. பிறகு பக்கத்தைக் காட்டும் எழுத்து. அதன்பின் கழுத்துக்குக் கீழே தோளை நோக்கிப் போகும் இரண்டு காறையெலும்புகளும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று பார்ப்பார். நோயாளி நேராக நின்றாரா, உடம்பைத் திருப்பிக்கொண்டாரா என்பதை அந்த எலும்புகள்தான் காட்டிக்கொடுக்கும். நுரையீரலை அவர் பார்க்கவே மாட்டார்.

"நாங்கள் படம் எடுக்கிறவர்கள். வாசிப்பது அவர்களுடைய வேலை," என்பார். காலையில் மருத்துவர்கள் கூடிப் படங்களைப் பார்க்கும் கூட்டத்தில் எங்களுக்கு வாய் கிடையாது. மாட்டுவதும் கழற்றுவதும்தான்.

அந்த வசந்தத்தில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பாலையின் ஊழியர்கள் எல்லோரையும் முதன்முறையாக பஸ்ஸில் ஏற்றி எங்களிடம் நெஞ்சுப் படத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவருடைய நுரையீரல் இரண்டும் பனி கொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. கல்தூசி படிந்து இறுகிய நுரையீரல். அவர் பெயர் ஹசன். துருக்கிக்காரர். உடனே விடுதியில் சேர்த்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து சக்கர நாற்காலியில் அவரைக் கீழே கொண்டுவரும் வேலை பலமுறை எனக்கு வந்தது. மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கதைப்போம். அவருக்கும் அரைகுறை ஜெர்மன், எனக்கும் அரைகுறை. அதனால் நன்றாக விளங்கியது.

"உங்கள் ஊரில் தேயிலை. எங்கள் ஊரில் கரி," என்றார் முதல் நாள்.

"என் ஊர் யாழ்ப்பாணம். அங்கே தேயிலை இல்லை."

"பரவாயில்லை. இலங்கை என்றால் தேயிலைக்காரிதான்."

அவருடைய ஊர் சொங்குல்தாக். கருங்கடல் ஓரத்தில் ஒரு மாகாணத்தின் தலைநகரம். ஆளுநரின் அலுவலகம், நீதிமன்றம், பெரிய பாடசாலை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் எல்லாமே கரிச் சுரங்கத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன என்றார். மலை செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டின் முற்றத்தோடு ஒட்டி நிற்குமாம். கரி கழுவிய தண்ணீர் நகரத்தின் நடுவே கறுப்பு ஆறாக ஓடிக் கடலில் விழுமாம். புயல் அடித்த மறுநாள் பெண்கள் அரிதட்டோடு கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கிய கரியைப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்பெரிப்பார்களாம்.

"நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில் கீழே வெடி வைப்பார்கள்," என்றார் ஒரு நாள். "அவருடைய தேநீர்க் கிளாஸ் மேசையில் நடுங்கும். கீழே இருக்கிறவன் மேன்முறையீடு செய்கிறான் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்."

சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமல் வந்தால் மின்தூக்கி வந்து திரும்பிப் போகும்வரை நிற்காது.

சுரங்கத்தின் சங்கு ஊதினால் ஆளுநரின் எழுதுவினைஞர்கூடப் பேனாவை வைத்துவிட்டு நேரம் பார்ப்பாராம். ஊதக்கூடாத நேரத்தில் ஊதினால் நகரம் முழுவதும் சுரங்க வாசலுக்கு ஓடும். சுற்றியுள்ள கிராமங்களின் ஆண்கள் முறை வைத்துக் குழிக்குள் இறங்கினார்கள். ஒரு குழு ஒரு மாதம் குழியில், மற்றக் குழு அந்த மாதம் வயலில். பிறகு மாறிக்கொள்வார்கள். ஹசனின் குழியில் ஒவ்வொருவனுக்கும் மற்றக் குழுவில் ஒரு சோடி இருந்தான். இருவருக்கும் ஒரே கட்டில், உடுப்பு மாட்ட ஒரே கொளுக்கி, குழிக்குள் இறங்க ஒரே லாம்பு.

"என் லாம்புக்காரன்," என்று அவனைப்பற்றிச் சொல்லுவார். பெயர் சொல்ல மாட்டார். "அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். லாம்புக்காரனோடு சண்டை போட நேரமே இல்லை. அவன் ஏறும்போது நான் இறங்குவேன்."

மருத்துவர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்த நோய் எங்கே வந்தது? ஊரில் வந்ததா, இங்கே வார்ப்பாலையின் அச்சு மணல் தூசியில் வந்ததா? இங்கே வந்தது என்றால் அது தொழிலால் வந்த நோய். ஹசன் சாகும்வரை இங்கேயே இருந்து மருத்துவம் பெறலாம். அதற்கான கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒன்றுதான் மிச்சம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் வேலைக்கு வந்தபோது எல்லையில் எடுத்த நெஞ்சுப் படம் வரவேண்டும். அந்த நாட்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் எல்லோரையும் எல்லையில் இறக்கி, மேலுடுப்பைக் கழற்றி வரிசையில் நிறுத்திப் படம் எடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

படம் வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மறுநாள் காலைக் கூட்டத்தில் பெரிய படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டும்படி என்னிடம் தந்தார்கள். மாட்டினேன்.

தலைமை மருத்துவர் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். "நுரையீரல் சுத்தம்," என்றார். "வரும்போது இது. ஆறு ஆண்டுக்குப் பின் அது. வார்ப்பாலைத் தூசிதான். சந்தேகமில்லை." மற்ற மருத்துவர்கள் தலையாட்டினார்கள்.

என் கண் நுரையீரலுக்குப் போகவில்லை. ஃப்ராவ் எக்லியின் விரல் போகும் வழியில்தான் போனது. பெயர் ஹசன். தேதி சரி. பக்கம் சரி. காறையெலும்புகள். சின்னப் படத்தில் இடது காறையெலும்பின் நடுவில், நூலில் விழுந்த முடிச்சுபோல ஒரு புடைப்பு. முறிந்து ஒட்டிய எலும்பு. பெரிய படத்தில் அதே எலும்பு வழுவழுவென்று நேராகப் போனது. முறிந்த எலும்பு ஒட்டும். அத்தனை பெரிய முடிச்சு தடமே இல்லாமல் மறையாது.

அந்தக் கணத்தில் எனக்குள் வந்தது பெருமை. இதை நான் எழுதத்தான் வேண்டும். பத்து மருத்துவர்கள் காணாததைக் கல் சுமந்தவனின் மகள் கண்டுவிட்டாள். பைக்குள் சான்றிதழ் இருந்தது.

"டொக்டர், இது அதே ஆள் இல்லை," என்றேன்.

ஃப்ராவ் எக்லி சுவரோரம் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைமை மருத்துவர் எழுந்து வந்தார். நான் விரலால் காட்டினேன். உருப்பெருக்கியை வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"நீங்கள் சொல்வது சரி," என்றார். பிறகு திரும்பி, இரண்டு வருடத்தில் முதன்முறையாக, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

மதியம் சாப்பாட்டறைக்குப் பறந்துதான் போனேன். அங்கே சமையலறையில் வேலை செய்த செல்வம் அண்ணை தட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். விடுதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் அவர்தான்.

"என்ன பிள்ளை, முகம் பூரிச்சுப்போய்க் கிடக்கு? லொத்தர் விழுந்ததோ?"

"அதைவிடப் பெரிசு அண்ணை," என்று எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு, முடிச்சு, டொக்டர் பெயர் கேட்டது எல்லாம். சொல்லச் சொல்ல அவர் கையில் இருந்த துணி நின்றுவிட்டது.

"ஆரின்ர படத்தை? மூண்டாம் மாடி ஹசன்ர படத்தையோ?"

"ஓம்."

"உனக்கென்ன விசரோ?"

"ஏன் அண்ணை? அது வேற ஆள்."

"வேற ஆள் எண்டு எனக்குத் தெரியாதோ? அந்த மனுசன் என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் சாப்பிடுறது. பன்னிரண்டு வருசம் குழிக்குள்ள கிடந்த நெஞ்சு, எல்லையில பாஸாகுமோ? ரெண்டு பேரும் ஒரே ரயிலில வந்தவை. கூட வந்த லாம்புக்காரன் தன்ர கடுதாசியோட ஒருக்கா வரிசையில நிண்டான். பிறகு இவரின்ர கடுதாசியை வாங்கிக்கொண்டு திரும்பவும் கடைசியில போய் நிண்டான். அங்க நெஞ்சைப் பாக்கிறாங்களே தவிர ஆர் முகத்தைப் பாக்கிறாங்கள்?"

செல்வம் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களுக்கு அது களவில்லையடி பிள்ளை. ஊரில ஒருத்தனுக்கு ஏலாட்டி மற்றவன் அவன்ர லாம்பை எடுத்துக்கொண்டு இறங்குவானாம். அப்பிடித்தான் இதுவும்."

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணை? பொய்யைப் பொய் எண்டுதானே சொன்னனான்."

செல்வம் அண்ணை துணியை வண்டியில் எறிந்தார். "பொய்யோ? நீ என்ன உன்ர முகத்திலயோ இந்த நாட்டுக்கு வந்தனி?"

நான் என் மச்சாளின் பாஸ்போட்டில் வந்தவள். இங்கே வரும் வழியில் பெர்லினில் ஓர் அதிகாரி அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சாளுக்கு வாய்க்குக் கீழே நாடியில் ஒரு மச்சம் இருந்தது, எனக்கு இல்லை. அவர் பாஸ்போட்டை மூடித் தந்தார். ஏன் தந்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

சாப்பிடாமலே தலைமை மருத்துவரின் அறைக்குப் போனேன். சின்னப் படம் தெளிவில்லை, நான் பிழையாகப் பார்த்திருக்கலாம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் அன்பாகச் சிரித்தார். "அடக்கம் நல்லதுதான். ஆனால் இதில் நீங்கள் அடக்கமாக இருக்கத் தேவையில்லை. அறிக்கை போய்விட்டது," என்றார்.

அடுத்த வாரம் வெளிநாட்டவர் பிரிவுப் பொலிஸ் வந்தது. ஹசனிடம் கேட்டார்கள். பொய்யாக நுழைந்ததை அவர் உடனே ஒப்புக்கொண்டார். நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். ஆனால் வரிசையில் இரண்டாம் முறை நின்றவன் யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எத்தனை முறை கேட்டும் இருமினாரே தவிரப் பெயர் வரவில்லை.

அப்போது தலைமை மருத்துவருக்கு நான் ஞாபகத்துக்கு வந்தேன்.

"அந்த ஆள் இன்னும் அதே வார்ப்பாலையில் இருக்கலாம் என்று பொலிஸ் நினைக்கிறது," என்றார். "வசந்தத்தில் எடுத்த படங்கள் எல்லாம் உங்கள் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த எலும்பைத் தேடுங்கள். உங்களைவிட நல்ல கண் இங்கே இல்லை."

அந்தப் பாராட்டைக் கேட்டபோது என் காது சுட்டது.

இரண்டு நாள் தேடினேன். ஒவ்வோர் உறையாக எடுத்து, மாட்டி, இடது தோளைப் பார்த்து, திரும்பப் போட்டேன். அகப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அகப்பட்டது. அதே இடம், அதே முடிச்சு. பெயர் ஓஸ்மான். நுரையீரல் இரண்டும் சுத்தமாக இருந்தன. ஹசனைவிடக் குறைந்த வருடங்கள் குழியில் இறங்கியவனாக இருக்கவேண்டும். ஒளிப்பெட்டியின் வெளிச்சத்தில் அவன் நெஞ்சுக்கு முன்னால் நான் நின்றேன். நாங்கள் எக்ஸ்றே எடுக்கிற ஆட்கள் ஒருவருடைய முகத்தை எங்கும் பார்ப்பதில்லை. அன்று அந்தப் படத்துக்கு முகம் இருந்ததுபோல எனக்குப் பட்டது.

உறையில் போட்டு அது இருந்த இடத்திலேயே வைத்தேன். இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெருவிரல் வைக்கும் குடும்பத்திலிருந்து வந்த நான் கையெழுத்துப் போட்டுச் சொன்ன முதல் பொய் அது.

இந்த நாட்டில் எதற்கும் இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது ஆள் ஃப்ராவ் எக்லி. அவர் காப்பகத்துக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, முதல் உறையிலிருந்து தொடங்கினார். நான் உறைகளை எடுத்துக் கொடுக்கவேண்டும். ஓஸ்மானின் உறை வந்தபோது அதை மறைக்க எனக்கு வழியிருக்கவில்லை. எண் வரிசையில் ஒன்று குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். கொடுத்தேன்.

மாட்டினார். விரல் பெயரைத் தொட்டது. தேதியைத் தொட்டது. பக்கத்தைத் தொட்டது. இடது காறையெலும்பின் மேல் போய் நின்றது. முடிச்சின் மேல் நின்றது. நான் அடுத்த உறையைக் கையில் எடுத்தேன்.

கழற்றி உறையில் போட்டார். "அடுத்தது," என்றார்.

கடைசி உறை முடிந்ததும் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"ஃப்ராவ் எக்லி," என்றேன். "நீங்கள் அதை…"

"வசந்தத்தில் அந்தப் படத்தை எடுத்தவள் நான்."

"அப்படியானால் எல்லைப் படம் வந்தபோதே…"

"வந்த அன்றே பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"நாங்கள் படம் எடுக்கிறவர்கள்," என்றார். பேனாவை மூடினார். கோட்டுப் பைக்குள் கையை விட்டு இரண்டு ஈய எழுத்துகளை எடுத்து மேசையில் வைத்தார். "திங்கள் முதல் நெஞ்சுப் படங்களை நீங்கள் எடுக்கலாம். தலைமை மருத்துவர் அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். உங்கள் கண் நல்லதாம்."

அவர் போன பிறகும் அந்த எழுத்துகளைத் தொட எனக்குக் கை வரவில்லை. இரண்டு வருடம் நான் ஆசைப்பட்ட வேலை எந்த விலைக்கு வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஹசன் புறப்படும் நாள் காலையில் மூன்றாம் மாடிக்குப் போனேன். பெட்டியைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செல்வம் அண்ணை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைக் கண்டதும் வெளியே போனார்.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "அந்த எலும்பைக் கண்டது நான்."

"தெரியும். டொக்டர் சொன்னார். கீழே ஒரு தமிழ்ப் பெண், கண் கூர்மை என்று. அவளைத் தெரியும், தேயிலைக்காரி என்றேன்."

ஏசுவார் என்று தயாராகப் போயிருந்தேன். ஏசவில்லை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார். நாலு அடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

"மற்றவன்?" என்று கேட்டார்.

"அகப்படவில்லை."

"நிச்சயமாகவா?"

"இரண்டு பேர் தேடினோம். இரண்டு கையெழுத்து இருக்கிறது."

அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தேநீரைக் குடிக்கவில்லை. நான் கீழே இறங்கி வந்தேன். இன்றுவரை ஒரு மன்னிப்பு வார்த்தையைச் சரியான ஜெர்மனில் சேர்த்துச் சொல்ல முயன்று பார்க்கிறேன். அன்று அது என் வாயில் வரவேயில்லை.

அடுத்த வசந்தத்தில் வார்ப்பாலை ஊழியர்கள் மறுபடி பஸ்ஸில் வந்தார்கள். இம்முறை படம் எடுத்தவள் நான். வரிசையில் ஒருவர் கடதாசியை நீட்டினார். ஓஸ்மான் என்று இருந்தது. மெலிந்த, காது மடல் பெரிய மனிதர். கறுப்பு மீசை. நான் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நின்றார். தோள்களை முன்னால் அழுத்தி நேராக்க வேண்டும். அழுத்தியபோது என் விரல் அந்த முடிச்சில் பட்டது. அவர் அசையவில்லை. பலகையைப் பார்த்தபடியே, மெதுவாக, எனக்கு விளங்கும் ஜெர்மனில் சொன்னார்.

"ஹசன் மாசியில் போய்விட்டான். நான் ஊருக்குப் போய் மண் போட்டேன்."

நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனேன். "மூச்சை உள்ளே இழுங்கள். பிடியுங்கள்," என்றேன். பொத்தானை அழுத்தினேன். படம் எடுத்து முடிந்தது. மூச்சை விடலாம் என்று சொல்ல வேண்டும். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. சுத்தமான நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, நான் சொல்லும்வரை அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.